கதையில் அடைத்த விரிசல்

வேங்கைக்காட்டின் நடுவே அல்லிக்குளம் என்றொரு குளம் இருந்தது. அதன் கோரைப்புல்லுக்குள் நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நீர்ப்பறவையான குமுதவல்லி என்ற நாமக்கோழி கூடு கட்டி, முட்டையிட்டு, அடைகாத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் வானத்துக்குப் புத்தி பேதலித்துவிட்டது. மழை வர வேண்டிய மாதத்தில் வெயில் கொளுத்தியது. வெயில் காய வேண்டிய மாதத்தில் ஒரே மூச்சில் மழை கொட்டிக் குளத்தை நிரப்பியது. மறுபடி வெயில். காய்ந்த கரைமண் பாளம் பாளமாக வெடித்தது. குமுதவல்லியின் கூட்டுக்கு நேர் எதிரே, தாழம்புதர் ஓரத்தில், தலையை உள்ளே விடும் அளவுக்கு ஒரு விரிசல்!

குமுதவல்லி விரிசலைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். இன்னொரு மழை அப்படி மொத்தமாகக் கொட்டினால் கரை நிற்காது. கரை போனால் தண்ணீர் போகும். தண்ணீரோடு கூடும் முட்டைகளும் போகும். அவள் அலகில் கொள்ளும் மண் அந்த விரிசலின் ஓரத்துக்குக்கூடக் காணாது. யானையும் எருமைகளும் காட்டுப்பன்றிகளும் சேர்ந்து ஒரு பொழுது மண் தள்ளி மிதித்தால் போதும், கரை கல்லாகிவிடும்.

அவர்களை யார் கூட்டுவது? நரியார் நாவரசுதான். அவர் காட்டு இலக்கியப் பேரவையின் தலைவர். அந்தக் காட்டில் அவர் இல்லாமல் எந்தக் காரியமும் நடக்காது. அவர் இருந்தாலும் நடக்காது. ஆனால் கூட்டம் மட்டும் நன்றாக நடக்கும்.

"ஐயா, குளத்தங்கரை விரிசல் விட்டிருக்கு! எல்லாரையும் கொஞ்சம் கூட்டிட்டு வாங்க!" என்று குமுதவல்லி மூச்சிரைக்கச் சொன்னாள்.

நரியாரின் கண்கள் பளிச்சிட்டன. "அடடா! என்ன அருமையான கரு! அப்படியே கதையா எழுதிக் குடும்மா!"

"கதையா?"

"பருவநிலை மாற்றம் பத்திச் சிறுகதைப் போட்டி வெச்சிருக்கோம். எல்லாம் விழிப்புணர்வுக்காகத்தான். விழிப்புணர்வு வந்துட்டா விரிசல் தானா அடைஞ்சிடும்!"

போட்டிக்கு விதிமுறைகள் இருந்தன. வட்டார எழுத்தாளர்கள் மட்டுமே கலந்துகொள்ளலாம். நாலு தேசம் சுற்றி, எங்கெங்கே பனி உருகுகிறது, எந்தெந்த ஏரி வற்றுகிறது என்று பார்த்துவிட்டு வருகிற வலசைப் பறவைகளுக்கு அனுமதி இல்லை. கதை ஒரு தாமரை இலைக்கு மிகக் கூடாது. முக்கியமாக, 'இது முழுக்க முழுக்க என் சொந்தக் கற்பனையே' என்று உறுதிமொழி எழுதிக் கால் பதித்துத் தர வேண்டும்.

"கற்பனை இல்லீங்களே! நிஜமாவே விரிசல் இருக்கே!"

"நிஜம்னா அது புகார்மா. புகாருக்குப் பரிசு கிடையாது!"

குமுதவல்லி யோசித்தாள். பரிசளிப்பு விழாவுக்குக் காடே திரண்டு வரும். கதையைப் படித்தால் எல்லாருக்கும் விஷயம் தெரியும். அப்புறம் ஆளுக்கொரு கை மண் போட மாட்டார்களா என்ன? அவள் உறுதிமொழியில் கால் பதித்தாள். கோரைத்தண்டால் இலையைக் கீறி எழுதினாள். விரிசல் விட்ட கரை, கொட்டுகிற மழை, உடைகிற குளம், முட்டைகளைப் பறிகொடுத்துக் கதறுகிற ஒரு பறவை. எழுதும்போதே அவளுக்குக் கண்ணீர் முட்டியது.

நடுவர் ஆந்தையார் ஆராவமுதன். பகலில் எதையுமே பார்க்க மாட்டார் என்பதால் நடுநிலையானவர் என்று அவருக்கு நல்ல பெயர். அவர் குமுதவல்லியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பிரமாதம்! அந்த விரிசல் இருக்கே, அது நம்ம காலத்தோட மனவிரிசல்! என்ன படிமம், என்ன படிமம்!"

"இல்லீங்க. அது தாழம்புதர்ப் பக்கத்துல இருக்கிற விரிசல்."

"எழுதினவங்களுக்கு எப்பவுமே தான் என்ன எழுதினோம்னு தெரியாது. அதைச் சொல்லத்தான் நாங்க இருக்கோம்!" ஆந்தையார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒரே ஒரு குறை. முடிவு சோகமா இருக்கு. நம்பிக்கையூட்டும் முடிவுதான் வேணும்னு விதிமுறையிலேயே இருக்கு. எல்லாரும் ஒண்ணாக் கூடி விரிசலை அடைக்கிற மாதிரி மாத்திடுங்க. முதல் பரிசு உங்களுக்குத்தான், எழுத்தாளரே!"

எழுத்தாளரே! பிறந்தது முதல் குமுதவல்லியை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நேராகக் கூட்டுக்குப் போய், முடிவை மாற்றினாள். யானை தும்பிக்கையால் மண் அள்ளிக் கொட்டியது. பன்றிகள் மூக்கால் முட்டித் தள்ளின. எருமைகள் ஏறி நின்று மிதித்தன. கரை கம்பீரமாக நின்றது. எழுதி முடித்ததும் அவளுக்கு மனசு குளிர்ந்துபோனது. நிமிர்ந்து பார்த்தால் விரிசல்கூடக் கொஞ்சம் சிறுத்தாற்போல் தெரிந்தது. அது சிறுக்கவில்லை. பரிசுக்கு ஆசைப்பட்ட கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்!

விழாவைக் குளத்தங்கரையிலேயே வைத்தார்கள். அங்கேதான் காற்று வரும் அல்லவா? சிறப்பு விருந்தினர் யானையார் வழக்கம்போலத் தாமதமாக வந்து, விரிசலைத் தாண்டிப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். நரியார் நரியாரைப் பற்றிப் பேசினார். ஆந்தையார் மனவிரிசலைப் பற்றிப் பேசினார். பொழுது சாய்ந்த பிறகு, மைனா ஒன்று கதையை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தது.

கரை அடைபட்ட இடம் வந்ததும் கூட்டமே விசும்பியது. யானையார் தும்பிக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவ்வளவு மண்ணு சுமந்திருக்கேன், பாத்தியா!" என்று மனைவியிடம் சொன்னார். "கடைசியா மிதிச்சது நாங்கதான்!" என்று ஓர் எருமை பெருமையோடு தலையை ஆட்டியது.

குமுதவல்லிக்குத் தாமரை இலையில் பொன்னாடை போர்த்தினார்கள். ஏற்புரைக்கு இரண்டே நிமிடம் என்று நரியார் காதில் சொன்னார். அவள் தலைவருக்கு நன்றி சொன்னாள். நடுவருக்கு நன்றி சொன்னாள். சிறப்பு விருந்தினருக்கும் அவர் துணைவியாருக்கும் மைனாவுக்கும் நன்றி சொன்னாள். அதற்குள் பாதி நேரம் போய்விட்டது. பிறகு சட்டென்று முட்டைகள் நினைவுக்கு வந்தன.

"இன்னொரு விஷயம். அந்த விரிசல் நிஜமாவே இருக்குங்க. இதோ, நீங்க உக்காந்திருக்கிற இடத்துக்குப் பக்கத்துலதான்! வாங்க, எல்லாரும் இப்பவே…"

"அதான் அடைச்சாச்சேம்மா!" என்றது எருமை.

"அது கதையில!"

"கதையில மட்டும் எங்களைச் சும்மா விட்டியா? இடுப்பு ஒடிய மிதிச்சோமே! ஒரே வேலையை எத்தனை தடவை செய்யறது?"

கூட்டம் சிரித்துக் கைதட்டியது. நரியார் மட்டும் சிரிக்கவில்லை. அவள் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னார்: "சொந்தக் கற்பனைன்னு கால் பதிச்சுக் குடுத்திருக்கீங்க. இப்போ நிஜம்னு சொன்னா, பரிசைத் திருப்பி வாங்க வேண்டியிருக்கும். பரவாயில்லையா?"

குமுதவல்லி விரிசலைப் பார்த்தாள். பொன்னாடையைப் பார்த்தாள். கூட்டம் இன்னும் தட்டிக்கொண்டே இருந்தது.

"நன்றி, வணக்கம்!" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

எல்லாரும் திருப்தியாக விருந்து சாப்பிட்டார்கள். காட்டைக் காப்பாற்றிவிட்ட களைப்போடு வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

அந்த வாரமே மழை வந்தது. ஒரு பருவம் முழுக்கப் பெய்ய வேண்டியது ஒரே பகலில் பெய்தது. தாழம்புதர் ஓரத்தில் கரை முதலில் நெகிழ்ந்தது, பிறகு பிளந்தது, பிறகு மொத்தமாகச் சரிந்தது. குமுதவல்லி சிறகை அடித்துக்கொண்டு ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக் கூவினாள். மழைச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. அவள் கண் முன்னாலேயே கூடு சுழன்று சுழன்று வெள்ளத்தோடு போனது. ஐயோ, பாவம்! அடைகாத்த சூடுகூட ஆறாத முட்டைகள்!

மறுநாள் காடே வந்து வெறும் சேற்றைப் பார்த்து நின்றது. கோடை முழுக்கக் குடிக்கவும் புரளவும் இருந்த தண்ணீர் ஒரு சொட்டு மிச்சமில்லை.

"முன்னாடியே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று எருமை புலம்பியது.

ஆந்தையார் தூக்கக் கலக்கத்தோடு கண்ணைச் சிமிட்டினார். "எனக்கு அப்பவே தோணுச்சு. அந்தக் கதையோட முடிவு நம்பும்படியா இல்லை."

குமுதவல்லி வெடித்தாள். "நீங்கதானே மாத்தச் சொன்னீங்க!"

"ஆமா, நான் சொன்னேன்," என்றார் ஆந்தையார். "நீ ஏம்மா மாத்தினே? அழிஞ்சது உன் கூடுதானே?"



கைதட்டலுக்காக நாம் கதையின் முடிவை மாற்றலாம். வருகிற ஆபத்து அதற்காகத் தன் முடிவை மாற்றிக்கொள்ளாது.