பரிசல்காரனுக்கு வராத வார்த்தை

ஒரு பெரிய ஆத்தங்கரையில ஒரு பரிசல்காரன் இருந்தானாம். மாதப்பன்னு பேரு. ம் சொல்லிக்கிட்டே வரணும், என்ன?

ம்.

அந்த ஆத்துல விடிஞ்சு வெகுநேரம் வரைக்கும் பனி மூடிக் கிடக்கும். அக்கரையே தெரியாது. துடுப்புச் சத்தம் மட்டும் சளக், சளக்னு கேக்கும்.

மாதப்பனுக்குப் பேச்சு திக்கும். வார்த்தை நாக்கு நுனியில வந்து நின்னுக்கும். அவன் இழுத்துக்கிட்டு இருக்கறப்பவே எதிர்ல இருக்கவங்க சொல்லி முடிச்சிடுவாங்க. சிலபேரு அவன மாதிரியே பேசிக் காட்டிச் சிரிப்பாங்க. அதனால அவன் பேசறதையே விட்டுட்டான்.

அப்போ, பொம்மின்னு ஒருத்தி வாராவாரம் அக்கரைச் சந்தைக்குப் புளி விக்கப் போவா. அவ பரிசல்ல கால வெச்சாலே இவனுக்கு நெஞ்சு படபடங்கும். ஆனா வாயத் தொறந்து, அவளும் சிரிச்சிட்டா? அத அவனால தாங்க முடியாது.

ஒரு சந்தை அன்னைக்கு அவ கேட்டா, "உங்க பேரு என்னங்க?"

காது கேக்காத மாதிரி தண்ணியவே பாத்துக்கிட்டிருந்தான். சளக், சளக்.

அடுத்த வாரம், "எம்மேல ஏதாச்சும் கோவமா?"ன்னு கேட்டா. இல்லன்னு தலைய மட்டும் ஆட்டினான். அவ முகம் வாடிப் போச்சு. அன்னைக்கு அவனுக்குச் சோறே எறங்கல.

ம்...

மூணாவது வாரம். நடு ஆறு. சுத்தியும் வெள்ளையா பனி. பொம்மி மெதுவா சொன்னா, "வெள்ளிக்கிழம என்னைப் பொண்ணு பாக்க வராங்க. அப்புறம் நான் இந்தப் பக்கம் வரமாட்டேன். ஏதாச்சும் சொல்லணுமா?"

மாதப்பன் துடுப்ப மடியில வெச்சிட்டான். "எ... எ... எ..."

வரல. கண்ணு கலங்கிடுச்சு. பரிசல் கிறுகிறுன்னு தன்னால சுத்திக்கிட்டே ஆத்தோட போகுது. பயந்துக்கிட்டே அவ முகத்தப் பாத்தான். அவ சிரிக்கல. அவனுக்காக வார்த்தைய முடிச்சு வெக்கவும் இல்ல. புளிக்கூடைய ஓரமா தள்ளிட்டு, சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டா.

"நிதானமா சொல்லுங்க. சந்தைக்கு அடுத்த வாரம் போயிக்கறேன்."

"எ... என்ன... க... கட்டிக்கிறியா?"

அவன் சொல்லி முடிக்கறதுக்குள்ள பரிசல் ஒரு மணல் திட்டுல போயி மெத்துன்னு நின்னுச்சு.

"இதுக்கா இத்தன நாள் பேசாம இருந்தீங்க?"

"தி... திக்குதே."

"திக்கட்டும். நான் எங்க போகப் போறேன்?"

அப்புறம் எதிர்த்தண்ணியில துழாவித் துழாவித் திரும்பி வந்தாங்க. வழி பூரா மாதப்பன்தான் பேசினான். எத்தனையோ வருசமா தேக்கி வெச்ச பேச்சு.

வெள்ளிக்கிழம வரைக்கும் அவன் பொறுக்கல. மறுநாளே அவ அப்பா முன்னாடி போயி நின்னு பொண்ணு கேட்டான். கேட்டு முடிக்க நேரமாச்சு. யாரும் குறுக்க பேசாம, பொம்மி கதவோரமா நின்னு பாத்துக்கிட்டா.

ம்? சத்தத்தையே காணோம்.

சரி, கதை கரை சேந்துடுச்சு. தூங்கு சாமி.