யாருடைய குழி

"மிஸ், எனக்கு வேற ஜோடி வேணும்."

சொன்னவன் அனோஜன். ஐஸ் தரையில் பெண்ணைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சறுக்கும் ஜோடி ஸ்கேட்டிங்காரன். டொரொண்டோவில் தமிழ்ச் சனம் கூடும் இடங்களில் அவனைத் தெரியாதவர்கள் குறைவு.

பயிற்சியாளர் வதனி மிஸ் குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஏன்?"

"சாம்பவி விழுறா."

"ஐஸில ஆர் விழேல்லை?"

"இண்டைக்கு மேல இருந்து விழுந்தவ. அடுத்த மாசம் தேசியப் போட்டி. அங்கயும் இப்பிடி விழுந்தா என்ர கதி என்ன?"

சாம்பவி அப்போது முதலுதவி அறையில் இடுப்பில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். ஐஸில் விழுந்தவளுக்கு மருந்தும் ஐஸ்தான்.

இருவரும் சின்ன வயதிலிருந்தே ஜோடி. போட்டி அறிவிப்பில் எப்போதும் பெண்ணின் பெயர்தான் முதலில் வரும். அதில் அனோஜனுக்கு உள்ளுக்குள் ஒரு கடுப்பு உண்டு. இவனுக்கு இன்னொரு பெண் கிடைப்பாள், வரிசையில் நிற்கிறார்கள். தூக்கிச் சறுக்கும் ஆண்கள் அரிது; அவளுக்கு இவனை விட்டால் வேறு ஆள் இல்லை. ஜோடி போனால் அவளுடைய ஸ்கேட்டிங்கும் அதோடு சரி.

இது அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டான்.

"அவ என்ன சொல்லுறா?" என்றார் மிஸ்.

"தான் கையை ஒழுங்காப் பிடிக்கேல்லையாம். என்னட்ட மன்னிப்பும் கேட்டவ."

"நீர் என்ன சொன்னனீர்?"

"பரவாயில்லை எண்டனான்."

மிஸ் இப்போது நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் இருந்த வாளியை எடுத்து அவன் முன்னால் வைத்தார். ஐஸ் தூளும் தண்ணீரும் குழைத்த வாளி.

"வண்டி வரப்போகுது. குழியளை நிரப்பிப்போட்டு வாரும்."

"மிஸ், நான் என்ர வாழ்க்கையைப் பற்றிக் கதைக்கிறன். நீங்கள் வாளியைத் தாறியள்."

"பாரமோ?"

"இல்லை."

"அப்ப தூக்கும்."

ஐஸ் தரையைச் சமன்படுத்த வரும் வண்டி மேலால்தான் வழிக்கும். சப்பாத்துக் கத்தியின் நுனியிலுள்ள முன்பல் குத்திய ஆழமான குழிகள் அப்படியே கிடக்கும். அடுத்தவர் கால் அதில் மாட்டினால் கணுக்கால் போய்விடும். அதனால் அவரவர் குழியை அவரவரே நிரப்ப வேண்டும். அந்த அரங்கில் குழந்தைகளும் அதைச் செய்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகும்.

"அவ விழுந்த குழியும் நானோ நிரப்பிறது?"

"வேண்டாம். உம்மட குழியை மட்டும் நிரப்பும்."

அனோஜன் முணுமுணுத்துக்கொண்டே போய் முழங்காலில் இருந்தான். இவனுடைய தடங்கள் ஆழம், அவளுடையவை மெல்லிசு. பிரிப்பது கஷ்டமில்லை. ஒவ்வொரு குழியாக நிரப்பிக்கொண்டு நகர்ந்தான்.

அவள் விழுந்த இடம் வந்தது.

அவளுடைய சப்பாத்துக் கத்தி கிளறிய பெரிய குழி. அதன் பக்கத்தில் தன் தடத்தைத் தேடினான்.

தூக்கும் ஆணுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான். அவள் விழுந்தால் நீ அவளுக்குக் கீழே போ. அவள் உன்மேல் விழட்டும்.

அவனுடைய தடம் அந்தக் குழி வரைக்கும் நேராக வந்திருந்தது. பிறகு வெளிப்பக்கமாக வெட்டித் திரும்பியிருந்தது. திரும்பிய இடத்தின் முடிவில் முன்பல்லால் குத்தி நின்ற ஒரு குழி. அவனுடைய குழி. இரண்டு குழிக்கும் நடுவில் ஓர் ஆள் தாராளமாகப் படுக்கலாம்.

படுத்திருக்க வேண்டிய ஆள் அவன்தான்.

அவளைத் தூக்கியபோது தோள் ஒருகணம் சுள்ளென்றது, பயந்தான், கையை இழுத்துக்கொண்டான். இதெல்லாம் அவனுக்கு நினைவிருந்தது. காலும் ஓடியது என்பதை இப்போதுதான் பார்த்தான். அந்தக் குளிரிலும் காதுமடல் சுட்டது. வெட்கத்தில் அப்படியே ஐஸுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

ஆனால் செய்தது வேறு. அவசர அவசரமாக அந்தக் குழியை நிரப்பினான். வெட்டித் திரும்பிய தடத்தையும் உள்ளங்கையால் தேய்த்து அழித்தான். மிஸ் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்தான். அவர் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வாளியோடு வந்து நின்றான்.

"முடிஞ்சுதோ?"

"ஓம் மிஸ்."

"அங்க ஒண்டு மிச்சம் கிடக்குதே?"

அனோஜன் வாளியை மற்றக் கைக்கு மாற்றினான்.

"அது... சாம்பவியின்ர."

"ஓமோம், அது என்ர!" என்று பின்னாலிருந்து சத்தம் கேட்டது. சாம்பவி சுவரைப் பிடித்து நொண்டிக்கொண்டு வந்தாள். அவன் கையிலிருந்த வாளியைப் பறித்தாள். "மன்னியுங்கோ மிஸ், என்னால உங்களுக்குச் சுணங்கிப்போச்சு."

மிஸ் சப்பாத்தைப் பையில் வைத்தார். அவனைப் பார்க்கவில்லை.

சாம்பவி மெல்லச் சறுக்கிப் போனாள். குனியப் பார்த்தாள், இடுப்பு விடவில்லை. ஒரு காலை நீட்டிக்கொண்டு எப்படியோ ஐஸில் உட்கார்ந்தாள். இருந்தபடியே திரும்பிக் கத்தினாள்.

"அனோஜ்! பின்னேரம் இன்னொருக்காத் தூக்கிப் பாப்பம். இந்தமுறை நான் கையை இறுக்கிப் பிடிக்கிறன்."

வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். மிஸ் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

அனோஜன் ஐஸில் இறங்கினான். அவள் முன்னால் போய் முழங்காலில் விழுந்தான்.

"விடு, சாம்பவி."

"ஏன்ரா? என்ர குழிதானே."

"இல்லை. நீ பிடிச்சுத்தான் இருந்தனி. நான்தான் கையை எடுத்தனான்."

அவள் கை வாளிக்குள் அப்படியே நின்றது. அவனைப் பார்த்தாள்.

பிறகு கையை உதறிவிட்டு, வாளியை அவன் பக்கம் தள்ளினாள்.

"அப்ப நிரப்பு."