நாற்பத்தெட்டா, முப்பத்தாறா?

டப்... டப்... இருட்டிவிட்ட கல்லூரி அலுவலகத்துக்குள்ளிருந்து வந்தது அந்தச் சத்தம். வராந்தா பெஞ்சில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த பிலோமினா திடுக்கிட்டு எழுந்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். உள்ளே எழுத்தர் தங்கசாமி ஒற்றை விளக்கில் குனிந்து, விண்ணப்பம் விண்ணப்பமாக 'இடமில்லை' என்ற முத்திரையைக் குத்திக்கொண்டிருந்தார்.

இரண்டாம் ஆண்டில் காலியாக இருந்தது ஒரே இடம். முத்திரை விழாமல் மிஞ்சியவை இரண்டே விண்ணப்பங்கள். ஒன்று பிலோமினாவுடையது, மற்றது பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்த நாதிராவுடையது. இருவருமே வேறு வேறு கல்லூரிகளில் முதலாண்டை முடித்துவிட்டு மாறி வருகிறவர்கள். இடம் கிடைத்தால் விடுதியில் அறையும் உண்டு. கிடைக்காவிட்டால் பிலோமினா கணவனின் அண்ணன் வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். கணவனோ கப்பலில். அந்த வீட்டில் அவள் படுக்கிற அறைக்கு உள்பக்கத் தாழ்ப்பாளே கிடையாது; அங்கே இன்னொரு ராத்திரி தங்க அவளுக்குப் பயம்.

முதல்வர் சிஸ்டர் ரெஜினா இருவரையும் உள்ளே கூப்பிட்டார். அவர் வைத்திருந்த விதி ஒன்றே ஒன்று: வகுப்பில் அதிக நேரம் பாடம் கேட்டவருக்கே இடம்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு சிஸ்டர்? நாதிராவுக்கு நாப்பத்தெட்டு கிரெடிட். இந்தப் பிள்ளைக்கு முப்பத்தாறுதான்" என்று முத்திரையைத் தூக்கினார் தங்கசாமி.

பயத்தையும் மீறி பிலோமினாவுக்கு மனசு குறுகுறுத்தது. ஒரே வருஷத்தில் நாற்பத்தெட்டா?

"எப்படிக்கா முடிச்சீங்க? ராவும் பகலும் கிளாஸா?"

"போடி இவளே! எங்க காலேஜ்ல மத்தியானமே வீட்டுக்கு விட்டுருவாங்க. வருஷத்துக்கு மூணு பருவம். பருவத்துக்குப் பத்து வாரம், பதினாறு கிரெடிட். உங்க காலேஜ்ல?"

"ரெண்டே பருவம். ஒண்ணுக்குப் பதினஞ்சு வாரம், பதினெட்டு கிரெடிட்."

"ஒரு கிரெடிட்டுன்னா, பருவம் முடியுற வரைக்கும் வாரம் ஒரு மணி நேரம். ரெண்டு காலேஜ்லயும் அதுதானே கணக்கு!" என்றார் தங்கசாமி.

சிஸ்டர் கையமர்த்தினார். "முத்திரையைக் கீழே வைங்க, தங்கசாமி."

இதுவரை கேட்டவர்களே, நீங்கள்தான் சொல்லுங்கள்: நியாயப்படி அந்த ஒற்றை இடம் யாருக்கு?

விடை: பிலோமினாவுக்கு. வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். பருவத்தின் நீளம்தான் வேறு. நாதிராவின் ஒரு கிரெடிட் பத்து மணி நேரம். நாற்பத்தெட்டுக்கு நானூற்று எண்பது. பிலோமினாவின் ஒரு கிரெடிட் பதினைந்து மணி நேரம். முப்பத்தாறுக்கு ஐந்நூற்று நாற்பது. வெறும் எண்ணிக்கையை நம்புவது, டம்ளரின் அளவைப் பார்க்காமல் டம்ளரை எண்ணிப் பால் வாங்குவது போல. "அடிப்பாவி, நானே வாயக் கொடுத்து மாட்டிக்கிட்டேனே! சரி போ, எனக்குப் பழைய காலேஜாவது இருக்கு" என்று தலையில் அடித்துக்கொண்ட நாதிராதான் பிலோமினாவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதி மாடி அறைவரை வந்தாள். அவள் போனதும் பிலோமினா குழந்தையைக் கட்டிலில் கிடத்தினாள். கதவைச் சாத்தி, உள்பக்கம் தாழ்ப்பாளைப் போட்டாள்.