பாத்திக்குக் காவல் பெருச்சாளி

மலைச்சோலையின் ஓரத்தில், கூரை விழுந்துபோன பழைய வீடு ஒன்றின் பின்புறம், ஃப்ரீசியா என்னும் வாசனைப் பூச்செடியின் பாத்தி ஒன்று இருந்தது. வீட்டுக்காரர்கள் என்றோ போய்விட்டார்கள். பூண்டுப்பல் அளவு கிழங்குகள் மட்டும் மண்ணுக்குள் தங்கிவிட்டன. சடையன் என்ற கருமந்திக் குரங்கு அவற்றைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டிருந்தான்.

சடையன் அக்கறையானவன். பனிமூட்டம் இறங்கத் தொடங்கியதும் காட்டெருமைச் சாணத்தை அள்ளிவந்து, காய்ந்த புல்லோடு பிசைந்து, பாத்தி முழுக்கக் கனமாகப் போர்த்துவான். அதற்குள் கையை விட்டால் அடுப்படிச் சாம்பல்போல வெதுவெதுப்பாக இருக்கும். இலைகள் கத்தி கத்தியாக, கரும்பச்சையாக நீண்டன. மூன்று வருடங்களாகப் பூ மட்டும் வரவில்லை.

"இந்தக் குளிருல எதுதான் பூக்கும்?" என்பான் சடையன். மறுவருடம் இன்னும் கொஞ்சம் சாணம் சேர்ப்பான்.

அந்தக் கோடையில் எதிர்ச்சரிவில் தீப்பிடித்தது. மாசியில் பூக்கும் காட்டுப்பூவரச மரங்கள் கருகி நின்றன. புரட்டாசியில் ஒரு பொந்துத் தேனீ சடையனைத் தேடி வந்தது. அதன் பெயர் செம்பி. அந்தக் கூட்டில் பூத் தேடி முதலில் பறப்பவள் எவளோ, அவளுக்குப் பெயர் செம்பி.

"அண்ணே, மாசியில எங்க அடையில தேன் தீர்ந்துபோகும். எதிர்ச்சரிவு போயிருச்சு. இந்தப் பாத்தி பூத்தா எங்க கூடு பிழைக்கும். பூக்கலைன்னா எங்க குஞ்சுப் புழுவோட சேர்ந்து எல்லாரும் பட்டினி."

"கவலைப்படாதே. இந்த வருஷம் போர்வையை ரெண்டு மடங்கா போடுறேன்."

"ஒண்ணும் போடாம இருந்தாலே பூக்கும்," என்று சுவரடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

வளைக்குள்ளிருந்து மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தாள் கருக்காயி. அவள் பெருச்சாளி. கிழங்கு தின்று பிழைப்பவள்.

சடையன் வயிறு குலுங்கச் சிரித்தான். "ஆத்தா, பூ வளர்க்க வந்துட்டியா? பாத்தியை உன்கிட்ட கொடுத்தா நாளைக்கு ஏப்பம்தான் மிஞ்சும்."

"ஏப்பம் விடுற அளவுக்கு நீ எதை மிச்சம் வச்சிருக்கே? பாதி அழுகிக் கிடக்கு. வாசம் இங்க வரைக்கும் வருது."

செம்பி இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. "அண்ணன் மூணு வருஷம் பார்த்தாரு. இந்த வருஷம் இவங்க பார்க்கட்டும். எங்களுக்கு வேற வழி இல்லை."

"சரி," என்றான் சடையன். "ஒரு கிழங்கு குறைஞ்சாலும் உன் வளையைத் தோண்டி எறிவோம். இந்தச் சோலையில உனக்கு இடமில்லை."

கருக்காயி ஒத்துக்கொண்டாள். முதலில் பழைய சாணத்தை முழுக்கத் தள்ளினாள். பிறகு கிழங்குகளைத் தோண்டி, ஒவ்வொன்றையும் முகர்ந்து, அழுகியதைச் சடையன் கண்முன்னே ஒதுக்கி வைத்தாள். நல்லதை, கூர்முனை மேலே பார்க்க, நாலு விரல் ஆழத்தில், ஒன்றை ஒன்று இடிக்காமல் நட்டாள். தண்ணீர் நிற்காமல் ஓட ஒரு சிறு வாய்க்காலும் பறித்தாள். அவளுடைய முன்கால்கள் அதற்கென்றே செய்தவைபோல இருந்தன.

ஐப்பசியில் முளை வந்தது. கார்த்திகையில் இலை விசிறிபோல விரிந்தது. மார்கழியில் மூட்டம் இறங்கி, மண் சில்லிட்டுப்போனது.

கருக்காயி மெலிந்துகொண்டே வந்தாள். அந்த மாதத்தில் காட்டில் வேறு கிழங்கு இல்லை. புல்வேரைத் தின்றாள். தினமும் பாத்தியோரம் போய், மண்ணில் மூக்கை வைத்து, நெடுநேரம் முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடுவாள்.

சடையனுக்கு இரண்டும் பொறுக்கவில்லை. செடி நடுங்குவதும் பொறுக்கவில்லை, அவள் முகர்வதும் பொறுக்கவில்லை. ஒரு காலையில் சாணத்தோடு வந்தான். அவள் குறுக்கே நின்றாள்.

"உனக்கு இரக்கமே இல்லையா? பாரு, எப்படி விறைச்சு நிக்குது."

"விறைக்கட்டும்."

"குளிருது ஆத்தா."

"உனக்குக் குளிருது. உனக்குக் குளிர்ந்தா நீ சுருண்டுக்குவே. அதுக்குக் குளிர்ந்தா மொட்டு வைக்கும்."

"அது உனக்கு எப்படித் தெரியும்? நீ அடியில தின்னுக்கிட்டு மேல கதை சொல்றே."

சொன்னதோடு நிற்கவில்லை. ஒரு செடியைப் பிடித்து வெடுக்கென்று பிடுங்கினான். கிழங்கு முழுதாக வந்தது. ஒரு பல்தடம்கூட இல்லை.

கருக்காயி கிட்டே வந்தாள். பிறகு அவன் கையிலிருந்த செடியின் குருத்தைப் பல்லால் மெல்லக் கீறி விரித்தாள். நடுவில், நொய்யரிசி அளவில், வெளிறிய மொட்டுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன.

"எப்படித் தெரியும்னு கேட்டியே. நான் இதுமாதிரி எத்தனையோ தின்னிருக்கேன். சூட்டுல கிடந்ததைக் கடிச்சா உள்ள இலை மட்டும்தான். குளிருல கிடந்ததைக் கடிச்சா உள்ள பூ இருக்கும். நான் தின்ன பூவெல்லாம் சேர்த்தா இந்தச் சரிவு நிறைஞ்சுடும்."

சடையன் மொட்டைப் பார்த்தான். இனி அது விரியாது.

"இதை நீயே தின்னுடு," என்றான் தாழ்ந்த குரலில். எச்சில் ஒழுக அவள் நின்றது அவனுக்குத் தெரிந்தது.

"நான் தின்னா ஒண்ணு குறையும். நீ பிடுங்கினதை நீயே வச்சுக்கோ."

அன்று முழுவதும் சடையன் அந்தச் செடியைக் கையில் வைத்துக்கொண்டு சுவர்மேல் உட்கார்ந்திருந்தான். சாணம் கொண்டுவந்த அவன் கூட்டத்துக் குட்டிகளை உறுமி விரட்டினான். மறுநாள், கருக்காயி கேட்காமலேயே, மெல்லிய மூங்கில் குச்சிகள் ஒடித்துவந்து போட்டான்.

"இது எதுக்கு?"

"பூத்தண்டு சாயும்ல. நீதானே முனகிக்கிட்டு இருந்தே."

மாசி பிறந்தது. தண்டுகள் எழுந்து, நுனியில் தலை குனிந்து படுத்தாற்போல வளைந்தன. அந்த வளைவின்மேல் மொட்டுகள் சீப்புப் பற்கள்போல ஒரே பக்கமாக நிமிர்ந்து நின்றன. ஒரு காலையில் முதல் மொட்டு திறந்தது. மஞ்சள். மறுநாள் அதன் பக்கத்து மொட்டு. ஒன்று வாடுவதற்குள் அடுத்தது என்று, தண்டின் நுனிவரை அவசரமில்லாமல் திறந்துகொண்டே போயின. மணம் சோலை தாண்டிப் போனது.

ஒரு தேனீ வந்தது.

"செம்பியா?" என்றாள் கருக்காயி.

"செம்பிதான். ஆனா உங்ககிட்ட பேசின செம்பி ஐப்பசியிலேயே செத்துப்போயிட்டா. பாத்தி பூக்கும்னு அடுத்தவகிட்டச் சொல்லிட்டுப் போனா. அவ அடுத்தவகிட்ட. அப்படியே எனக்கு வந்துச்சு."

அது பூவுக்குள் தலையை விட்டது. வெளியே வந்தபோது முகமெல்லாம் பூந்தாது. சற்று நேரத்தில் கூட்டுத் தேனீக்கள் எல்லாம் வந்து இறங்கின. அந்த மாசியில் ஒரு புழுவும் பட்டினி கிடக்கவில்லை.

பூ முடிந்ததும் சடையன் பழக்கதோஷத்தில் இலைகளைப் பிடுங்கிச் சுத்தம் செய்யப் போனான். பாதியில் கையை இழுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தான்.

"இலை மஞ்சளாகற வரைக்கும் விடட்டுமா ஆத்தா?"

"தானா மஞ்சளாகட்டும். கிழங்கு இப்பத்தான் சாப்பிடுது."

வைகாசியில் தோண்டினார்கள். பழைய கிழங்குகள் சுருங்கிச் சக்கையாகியிருந்தன. அவற்றின் மேலே புதுக்கிழங்குகள், பக்கத்தில் பயறு பயறாகக் குஞ்சுக் கிழங்குகள். செம்பிக்குப் பின் வந்த செம்பி ஒரு கொழுத்த கிழங்கின்மேல் போய் உட்கார்ந்து, "இது உங்களுக்கு," என்றது. சடையனும் அதையே கருக்காயி பக்கம் உருட்டினான்.

கருக்காயி அதை முகர்ந்தாள். பிறகு திருப்பி உருட்டிவிட்டு, சக்கையான பழைய கிழங்குகளை எல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இதுல இனிமே பூ இல்லை," என்று சொல்லி, நிதானமாகத் தின்னத் தொடங்கினாள்.

தனக்கு வேண்டியதைப் பிறருக்குப் போர்த்துவது எளிது. பிறருக்கு வேண்டியது எதுவென்று அறிந்து, தன் பசியையும் பொறுத்துக் காத்திருப்பவரிடமே எதுவும் மலரும்.