திருக்கை தோண்டிய நங்கூரம்

ஒரு காட்டில் என்று ஆரம்பித்தால்தானே கதை? இதுவும் ஒரு காட்டில் நடந்த கதைதான், பிள்ளைகளே. ஆனால் அந்தக் காட்டில் ஒரு மரம்கூடக் கிடையாது. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் தள்ளி, கடலுக்கு அடியில், பச்சைப் பசேலென்று வளர்ந்து கிடந்த கடற்புல் காடு அது.

அந்தப் புல்காட்டில் முடிச்சன் என்றொரு கடற்குதிரை இருந்தான். குதிரை என்றதும் நாலுகால் பாய்ச்சலில் ஓடுவான் என்று நினைத்துவிடாதீர்கள். ஐயாவுக்கு நீந்தவே சரியாக வராது. உங்கள் சுண்டு விரல் நீளம்தான் இருப்பான். எந்த நேரமும் ஒரு புல்லை வாலால் சுற்றிப் பிடித்துக்கொண்டு நிற்பான். எந்தப் பொருளைக் கண்டாலும் முதல் வேலையாக அதில் வாலைச் சுற்றி இழுத்துப் பார்ப்பான். அசைந்தால், "சே, இது தேறாது" என்பான். அசையாவிட்டால், "ஆகா, இது பொருள்!" என்பான்.

அவன் மனைவி பெயர் பவளி. கடற்குதிரைகளிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண் முட்டையிடும், ஆண்தான் அதைத் தன் வயிற்றுப் பையில் வாங்கிச் சுமக்கும். பொழுது விடிந்ததும் பவளி வருவாள். இருவரும் வாலோடு வால் கோத்துக்கொண்டு ஒரு புல்லைச் சுற்றிச் சுற்றி ஆடுவார்கள். ஆடி முடித்ததும் பவளி அவன் வயிற்றைத் தடவிப் பார்த்து, "என்னங்க, பிள்ளைங்க உதைக்குதா?" என்று கேட்பாள்.

"உதைக்கிறதா? உள்ளே திருவிழாவே நடக்குது!" என்பான் முடிச்சன்.

இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்த ஒரு காலையில், பக்கத்து விரிகுடாவிலிருந்து ஆமையக்கா மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். மூச்சு வாங்க மேலே போகும்போதெல்லாம் படகுக்காரர்கள் பேசுவதை ஒட்டுக்கேட்டு வந்து சொல்வது அவள் வழக்கம். ஊர்க்கதை பேசாவிட்டால் அவளுக்குப் புல் செரிக்காது.

"அநியாயம், அநியாயம்!" என்று கத்தினாள் ஆமையக்கா. "பக்கத்து விரிகுடாவுல நம்மளது மாதிரியே ஒரு புல்காடு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? விசைப்படகுல வந்து இழுவை மடின்னு ஒரு பெரிய வலையை விட்டுத் தரையோட தரையா வாரிட்டுப் போயிட்டாங்க. புல்லு வேரோட போச்சு. இப்ப அங்க வெறும் சேறுதான் கலங்கிக் கிடக்கு. நாளைக்குக் காலையில இந்தப் பக்கம் வர்றாங்களாம்!"

பவளி தன் வாலை முடிச்சனின் வாலோடு இறுகக் கோத்துக்கொண்டாள். "என்னங்க, இப்பவே கிளம்பிடலாங்க" என்றாள்.

"எங்கே போறது புள்ள? நான் நீந்துற அழகு உனக்குத் தெரியாதா? இந்த வயிற்றைத் தூக்கிக்கிட்டுப் பக்கத்துப் புல்லுக்குப் போறதுக்குள்ளேயே எனக்கு நாக்குத் தள்ளுது" என்றான் முடிச்சன். "அதோட, நம்ம பிள்ளைங்க இன்னைக்கோ நாளைக்கோ வெளிய வந்துடும். வந்ததும் வாலைச் சுற்ற ஒரு புல்லு வேணாமா? புல்லு இல்லேன்னா தண்ணி அத்தனையையும் அடிச்சுக்கிட்டுப் போயிடும்."

சொல்லிவிட்டு அவன் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தான். வயிற்றுக்குள் இருந்த பிஞ்சுகள் எதுவும் தெரியாமல் உதைத்துக்கொண்டிருந்தன.

அப்போது மணலுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. தட்டையான உடம்பை மணலில் புதைத்துப் படுத்திருந்த திருக்கைதான் அது. திருக்கைக்கு உலகத்தில் தெரிந்தது ஒன்றே ஒன்று, சாப்பாடு.

"ஏன் எல்லாரும் இழவு வீடு மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?" என்றது திருக்கை. "மடி வருதுன்னா விருந்து வருதுன்னு அர்த்தம். அது தரையைக் கிளறிக்கிட்டே முன்னால போகும். மண்ணுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற மட்டி, புழு, நண்டுக்குஞ்சு எல்லாம் மேல வந்து விழும். பின்னாலேயே போனா வாயைத் திறந்தா போதும். பக்கத்து விரிகுடாவுல நான் சாப்பிட்ட சாப்பாடு இருக்கே, அடேயப்பா!"

"அப்போ அங்கேயே இருந்து சாப்பிட வேண்டியதுதானே? இங்க எதுக்கு வந்தே?" என்று கேட்டாள் ஆமையக்கா.

"அங்க இப்ப ஒண்ணும் இல்லையே!"

"ஏன் இல்லை?"

திருக்கை கொஞ்ச நேரம் யோசித்தது. பாவம், யோசித்துப் பழக்கமில்லை. "அதெல்லாம் எனக்குத் தெரியாது. அடுத்த பந்தி இங்கதான்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டது.

முடிச்சனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் கோபப்பட்டு என்ன ஆகப் போகிறது? ஆமையக்காவின் பக்கம் திரும்பி, "அக்கா, எனக்கு ஒரு சந்தேகம்" என்றான். "அதோ அந்தப் பாறைப்பக்கம் மட்டும் இழுவை மடி வர்றதே இல்லையே, ஏன்?"

"மடி பாறையில மாட்டிக்கிட்டா கிழிஞ்சிடும்ல? படகுக்காரங்களுக்கு அந்தப் பயம்தான் பெரும் பயம். ஒரு தடவை மாட்டின இடத்துக்கு மறுபடி வரவே மாட்டாங்க."

"அப்போ இங்கேயும் மாட்டணும்" என்றான் முடிச்சன்.

"நல்லாச் சொன்னே போ! இங்க ஒரு கூழாங்கல்லுகூடக் கிடையாது. இருக்கிறதெல்லாம் புல்லும் மணலும்."

"இருக்கு அக்கா. புல்லு முடிஞ்சு மணல் ஆரம்பிக்குதே, அங்க ஒரு இரும்பு வளையம் வெளிய நீட்டிக்கிட்டிருக்கு. போன மழைக்காலத்துல வெள்ளம் என்னை இழுத்துக்கிட்டுப் போனப்ப அதுலதான் வாலைச் சுற்றினேன். ராத்திரி பூரா இழுத்தும் இம்மி அசையலை. கீழ பெரிய பொருள் ஏதோ புதைஞ்சிருக்கு."

ஆமையக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வந்தவள் முகமே மாறியிருந்தது. "அடேய், அது பழைய கப்பலோட நங்கூரம்டா! ஆனா வளையத்தைத் தவிர மற்றதெல்லாம் மணலுக்குள்ள இருக்கு. இப்படியே இருந்தா மடி மேலேயே வழுக்கிப் போயிடும்."

"நீங்க தோண்டக் கூடாதா?"

"கரையில குழி தோண்டச் சொல்லு, அருமையாத் தோண்டுறேன். தண்ணிக்குள்ள தோண்டினா ஒரு பக்கம் தள்ளினா மறுபக்கம் சரியுது. அகலமான செட்டை வேணும். விசிறி அடிக்கணும்."

முடிச்சன் மெதுவாகத் தலையைத் திருப்பினான். மணலில் படுத்திருந்த திருக்கையின் அகலமான இரண்டு செட்டைகளையும் பார்த்தான். அடுத்த நொடியே அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"ஆமையக்கா," என்று திருக்கையின் காதில் விழும்படி சத்தமாகச் சொன்னான், "அந்த இரும்புக்கு அடியில மட்டி குவிஞ்சு கிடக்கும்போல! ஒவ்வொண்ணும் உங்க கண்ணு அளவு இருக்கு. யாரும் தொடாத இடமாச்சே."

அவன் பொய் சொல்லவில்லை, பிள்ளைகளே. வளையத்தைச் சுற்றி மட்டிகள் மூக்கை நீட்டிக்கொண்டிருந்ததை அவனே பார்த்திருக்கிறான்.

திருக்கை ஒரு கண்ணைத் திறந்தது. "எந்த இரும்பு?"

"அட, உங்களுக்கு எதுக்கு அண்ணே? நாளைக்குத்தான் உங்களுக்கு விருந்து இருக்கே. அதோட, ரொம்ப ஆழமாத் தோண்டணும். உங்களால ஆகிற காரியமா அது?"

"என்னாலயா ஆகாது?" திருக்கை துள்ளி எழுந்தது. "என் செட்டையைப் பார்த்தியா? நான் விசிறினா கடலுக்கே சளி பிடிக்கும்! எங்கே அந்த இரும்பு, காட்டு!"

திருக்கை போய் வேலையை ஆரம்பித்தது. விசிறுவதும் தின்பதும், தின்பதும் விசிறுவதுமாக மதியத்திலிருந்து பொழுது சாயும்வரை ஒரே புழுதி. தின்னத் தின்ன ஆசை கூடியது. ஆசை கூடக் கூடப் பள்ளமும் ஆழமாகிக்கொண்டே போனது. கடைசியில் புழுதி அடங்கியபோது, ஆமையைவிடப் பெரிய நங்கூரம் ஒன்று கொக்கியை மேலே தூக்கிக்கொண்டு ஜம்மென்று நின்றது.

திருக்கை அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வயிறு புடைக்கத் தின்றாகிவிட்டது. ஒரு பெரிய ஏப்பம் விட்டது. இரண்டடி தள்ளி மணலைப் போர்த்திக்கொண்டு படுத்தது. படுத்ததுதான் தாமதம், கும்பகர்ணத் தூக்கம்.

விடிந்தது. ஆட்டம் ஆடப் பவளி வந்தாள். ஆனால் அன்றைக்கு யாருக்கு ஆட மனசு வரும்? இருவரும் புல்காட்டின் ஓரத்தில் ஒரே புல்லை இறுகச் சுற்றிக்கொண்டு நின்றார்கள். தூரத்தில் "தடதடதட" என்று எந்திரச் சத்தம் கேட்டது. ஆழக்கடல் பக்கமிருந்து ஒரு பெரிய புழுதி மேகம் தரையோடு உருண்டு வந்தது.

அப்போதுதான் முடிச்சன் அதைக் கவனித்தான். நங்கூரத்துக்கு அந்தப் பக்கம், மடி வரும் வழியிலேயே, மணலுக்கு வெளியே ஒரு வால் நீட்டிக்கொண்டிருந்தது.

"ஐயோ, திருக்கை அண்ணே! எழுந்திருங்க! மடி வருது!"

வாலில் ஓர் அசைவும் இல்லை.

"அண்ணே! அண்ணே!" முடிச்சன் தொண்டை கிழியக் கத்தினான். சுண்டு விரல் நீளத்து உயிரின் தொண்டை எவ்வளவு தூரம் எட்டும்? போய் எழுப்ப அவனால் முடியாது. புல்லை விட்டால் பிள்ளைகளோடு சேர்ந்து அவனும் போய்விடுவான். "நான்தானே ஆசை காட்டி அங்கே அனுப்பி வச்சேன்" என்று அவன் அழுதேவிட்டான்.

திருக்கை கண் விழித்தபோது மடிக்குள் இருந்தது. பின்னாலிருந்து பார்த்தபோது விருந்தாகத் தெரிந்த மடி, உள்ளேயிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று அதற்குப் புரிந்துவிட்டது. இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் அதன் முதுகில் ஏறி மிதித்து அலறின. "காப்பாத்துங்க! யாராவது காப்பாத்துங்க!" என்று திருக்கையும் சேர்ந்து அலறியது.

மடியின் அடிச்சங்கிலி புல்காட்டை நெருங்கியது. பவளி கண்ணை மூடிக்கொண்டாள்.

ணங்கென்று ஒரு சத்தம்!

சங்கிலி நங்கூரத்தின் கொக்கியில் மாட்டிக்கொண்டது. படகு உறுமியது, இழுத்தது. நங்கூரம் இம்மி அசையவில்லை. முடிச்சன் பார்த்துச் சொன்ன பொருளாயிற்றே, அசையுமா? படகு இன்னும் வேகமாக இழுத்தது. "டர்ர்ர்" என்று மடி நடுவே கிழிந்தது. மூட்டை அவிழ்ந்ததுபோல மீனும் நண்டும் இறாலும் வெளியே கொட்டின. அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக, முதுகெல்லாம் சிராய்ப்போடு, திருக்கையும் வந்து விழுந்தது.

மேலே மூச்சு வாங்கப் போயிருந்த ஆமையக்கா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். படகில் ஒருவன், "டிரைவர் அண்ணே, மடி கந்தலாப் போச்சு!" என்று கத்தினான்.

"இங்க பாறை கிடக்குன்னு எவன்டா கண்டான்?" என்று தலையில் அடித்துக்கொண்டார் படகை ஓட்டியவர். "படகைத் திருப்புடா. இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன். மற்ற படகுக்காரங்ககிட்டயும் சொல்லிடு."

எந்திரச் சத்தம் தேய்ந்து தேய்ந்து மறைந்தது. ஆமையக்கா கீழே வந்து சேதியைச் சொன்னதுதான் தாமதம், "அப்பாடா!" என்று முடிச்சன் பெருமூச்சு விட்டான். அந்தப் பெருமூச்சோடு அவன் வயிற்றுப் பையும் திறந்துகொண்டது!

அவ்வளவுதான். கண்ணிமைக்கும் நேரத்தில், எள்ளுக்கு உயிர் வந்ததுபோலக் குட்டிக் குட்டிக் கடற்குதிரைகள் குபுகுபுவென்று வெளியே வந்தன. அப்பனைப் போலவே ஆளுக்கொரு புல்லைத் தேடி வாலைச் சுற்றிக்கொண்டன. பவளிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இருவரும் பிள்ளைகளுக்கு நடுவே, அன்றைக்கு விட்டுப்போன ஆட்டத்தை ஆடித் தீர்த்தார்கள்.

ஆனால் ஒரே ஒரு குட்டி மட்டும் வழி தப்பிவிட்டது. புல் என்று நினைத்து, ஓரமாகப் படுத்திருந்த திருக்கையின் வாலைச் சுற்றிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்துத் திருக்கையின் மூக்குக்கு நேரே கொழுத்த நண்டு ஒன்று ஆடி அசைந்து நடந்து போனது.

"என்ன அண்ணே, நண்டு போகுதே, பிடிக்கலையா?" என்று கேட்டாள் ஆமையக்கா.

"உஸ்! மெதுவாப் பேசுங்க" என்றது திருக்கை. "பிள்ளை பிடிச்சுக்கிட்டு நிக்குது. நான் அசைஞ்சா அது எங்கே போகும்?"

நீதி: உன் வீட்டை இடித்து ஒருவன் போடும் விருந்துக்குப் போகாதே, அந்தப் பந்தியில் கடைசியாகப் பரிமாறப்படுவது நீயாகத்தான் இருக்கும்.