கீதாரி கம்பைக் கீழே வைத்த கதை

கதை என்றால் ஒரு ராஜா இருக்க வேண்டும் அல்லவா? இந்தக் கதை நடந்த காலத்திலும் ஒரு ராஜா இருந்தார். ஆனால் அவர் எங்கேயோ தூரத்தில், கோட்டைக்குள் இருந்தார். காட்டிலும் மேட்டிலும் ஆடு மேய்த்துத் திரிந்தவர்களுக்கு அவர் முகம்கூடத் தெரியாது. அவர்களுக்கு ராஜா, மந்திரி, சேனாபதி எல்லாமே இருளப்பக் கீதாரிதான். கீதாரி என்றால் ஆட்டுக்கிடையின் தலைவர்.

கிடை என்றால் என்னவென்று கேட்பீர்கள், சொல்கிறேன். அறுப்பு முடிந்த வயலில் இரவெல்லாம் ஆடுகளை அடைத்து வைப்பார்கள். ஆட்டுப் புழுக்கை வயலுக்கு உரமாகும். வயல்காரர் அதற்குத் தானியம் கொடுப்பார். ஒரு வயல் முடிந்தால் அடுத்த வயல், ஓர் ஊர் முடிந்தால் அடுத்த ஊர். அந்தக் கூட்டத்துக்கு வீடு வாசல் எல்லாம் தலைச்சுமையில்தான்.

அந்தக் கூட்டத்து ஆண்கள் எல்லார் கையிலும் கம்பு இருக்கும். சாப்பிடும்போது மடியில் கிடக்கும், தூங்கும்போது நெஞ்சின் மேல் கிடக்கும். நாலு பேர் பார்க்க ஒருவன் தன் கம்பைத் தரையில் வைத்தால், என் ஆடுகளை விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று அர்த்தம். அப்படி ஒரு வழக்கம். அதனால் யாரும் வைத்ததே இல்லை. எண்ணெய் குடித்துக் கறுத்துப்போன கீதாரியின் கம்பு மண்ணில் படுத்து எவரும் பார்த்ததில்லை.

இந்தக் கூட்டத்துக்கு மருமகளாக வந்தவள் அங்காயி. கீதாரியின் தம்பி மகன் சடையனைக் கட்டியவள். கூச்சம் என்றால் அப்படி ஒரு கூச்சம் அவளுக்கு. நாலு பேர் கூடி நின்றால் நாக்கு உலர்ந்து போகும். எச்சில் விழுங்குவாள். முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கீதாரி வருகிறார் என்றால் ஆடுகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள்.

"நம்ம கிடையில புதுசா ஒரு ஆடு சேந்திருக்குப்பா, சேலை கட்டுன ஆடு" என்பான் அவள் கொழுந்தன் மாயழகு. எல்லாரும் சிரிப்பார்கள். அதற்கும் அவள் வாய் திறக்க மாட்டாள்.

அந்தக் கிடையில் ஒரு நாயும் இருந்தது. வாலின் நுனி மட்டும் பூ வைத்தது போல வெள்ளையாக இருந்ததால் பூவாலி என்று பெயர். எந்த ஊரிலிருந்தோ பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்ட நாய். அது வந்த பிறகு நரி ஒரு குட்டியைக்கூடத் தொட்டதில்லை. காவல் என்றால் அதுதான் காவல்.

ஆனால் பகலில் மனிதரைக் கண்டால் போதும், பல்லைக் காட்டிக்கொண்டு பாயும். ஒரு வயல்காரரின் வேட்டியைக் கிழித்தது. இன்னொரு வயல்காரர், "உங்க கிடையும் வேணாம், உங்க நாயும் வேணாம்" என்று சொல்லிவிட்டார்.

நாயைத் திருத்த வேண்டும் என்று ஆளுக்கு ஒரு வழி சொன்னார்கள்.

முதலில் மாயழகு, "அடிதான் மருந்து" என்றான். அடித்தான். அதற்கு முன்னெல்லாம் பூவாலி உறுமிவிட்டுப் பாயும். அடி வாங்கிய பிறகு உறுமாமலே பாய்ந்தது.

அடுத்து இன்னொருவர், "நாலு பேர் போற வர்ற பாதையில கட்டிப்போடுங்க. பாத்துப் பாத்துப் பழகிரும்" என்றார். கிணற்றுப் பாதையில் கட்டினார்கள். பூவாலி பொழுதெல்லாம் குரைத்தது. கயிற்றை இழுத்து இழுத்துக் கழுத்துத் தோல் உரிந்தது. பழக மட்டும் இல்லை.

கடைசியாகச் சடையன், "பட்டினி போட்டாப் பணிஞ்சிரும்" என்றான். விலா எலும்பு தெரிந்ததே தவிர, பூவாலி பணியவில்லை. கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி வந்து, கீதாரியின் கெண்டைக்காலையே கடித்துவிட்டது.

கீதாரி ரத்தத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னார். "வெறி புடிச்சதை வச்சுக்கிட்டு ஊர் ஊராப் போக முடியாது. கழுத்துல கல்லைக் கட்டி ஆத்துல விட்டுருங்க."

அங்காயி மட்டும் அதை நம்பவில்லை. ஏனென்றால் மற்றவர்கள் பார்க்காத ஒன்றை அவள் பார்த்திருந்தாள். பூவாலி பாயும் முன்னால் நாக்கை நீட்டி மூக்கை நக்கும். எச்சில் விழுங்கும். முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வெள்ளை வால் நுனி வயிற்றுக்குள் போய் ஒளியும். இதெல்லாம் அங்காயிக்குப் பழக்கமானதுதானே? நாலு பேர் நெருங்கி வந்தால் அவளுக்கு என்ன ஆகுமோ, அதுதான் அந்த நாய்க்கும் ஆகிறது. அவளுக்கு ஒளிந்துகொள்ள ஆட்டு மந்தை இருந்தது. நாய்க்குப் பல் மட்டும்தான் இருந்தது.

புருஷன் காதுக்குள் சொன்னாள். "அதுக்கு வெறி இல்லீங்க. பயம். எனக்குக் கொஞ்சம் பொழுது குடுக்கச் சொல்லுங்க."

சடையன் தயங்கித் தயங்கிப் பெரியப்பாவிடம் கேட்டான். கீதாரி யோசித்தார். நாய் இல்லாவிட்டால் வரப்போகிற நரியையும் நினைத்துப் பார்த்தார். "சரி. பௌர்ணமிக்குக் கிடை மாத்துறோம். அன்னைக்கு நாங்க அம்புட்டுப் பேரும் கம்போட அது முன்னால போவோம். பாயாம நின்னா நம்மோட வரட்டும். பாஞ்சா ஆத்தோட போகட்டும்."

மறுநாளிலிருந்து அங்காயி, தன்மேல் ஒருநாளும் பாயாத பூவாலியைக் கூட்டிக்கொண்டு தூரத்துப் பனைமரத்தடியில் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் கிணற்றுப் பாதையில் போகிறவர்கள் விரல் அளவுக்குத் தெரிவார்கள். மோரில் பிசைந்த கம்மஞ்சோற்று உருண்டை மடியில் இருந்தது. அவள் பங்குச் சோறுதான்.

பாதையில் பெண்கள் குடத்தோடு போனார்கள். பூவாலி பேசாமல் படுத்திருந்தது. வயல்காரர் வெறுங்கையோடு போனார். அப்போதும் படுத்திருந்தது. சடையன் கம்போடு வந்தான். பூவாலியின் முதுகு மயிர் சிலிர்த்துக்கொண்டது. அட, இதற்குப் பயம் மனிதரிடம் இல்லை, கம்பிடம்தான் என்று அங்காயிக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. யார் அடித்தார்களோ, எந்த ஊரில் அடித்தார்களோ, நாய் சொல்லவா போகிறது?

அடித்தார்கள், கட்டினார்கள், பட்டினி போட்டார்கள். கம்பை ஓரமாக வைத்துப் பார்ப்போம் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? அவர்களுக்குக் கம்பு இன்னொரு கை மாதிரி. கையைக் கழற்றி வைக்க யாருக்குத் தோன்றும்?

அங்காயி ஒன்று செய்தாள். தூரத்தில் கம்பு தெரிந்தால் ஒரு வாய்ச் சோறு கொடுப்பாள். கம்பு மறைந்தால் மடியை மூடிக்கொள்வாள். அவ்வளவுதான். அதட்ட மாட்டாள், இழுக்க மாட்டாள், கட்டாயப்படுத்த மாட்டாள். பூவாலி சோற்றை வாங்கித் தின்றால் அந்த இடம் சரியான இடம். சோறு இறங்காமல் முகத்தைத் திருப்பினால், பயம் தொண்டையில் நிற்கிறது என்று எழுந்து இன்னும் பின்னால் போய்விடுவாள்.

"என்ன மதினி, நாய்க்குச் சீமந்தமா? வளையல் எப்பப் போடுறீக?" என்று மாயழகு கேட்டான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

கொஞ்ச நாளில், கம்பைக் கண்டால் பூவாலி அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கியது. "அந்தா வருது கம்பு, எங்கே என் சோறு?" என்று கேட்பது போலிருக்கும். அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பனையடியிலிருந்து பாதி வழியில் இருந்த கறையான் புற்று வரைக்கும் வந்தார்கள். புற்றிலிருந்து கிணற்றுக்குப் பக்கத்து வேலியோரம் வரைக்கும் வந்தார்கள்.

அப்போதுதான் சடையன் ஒரு காரியம் செய்தான். பெண்டாட்டி செய்ததை எல்லாருக்கும் காட்ட வேண்டும் என்ற ஆசை அவனுக்கு. கம்பை வீசிக்கொண்டு நேரே நாயின் எதிரே போய் நின்று, "பாருங்கப்பா, சும்மா நிக்குது" என்றான். பூவாலி சும்மா நிற்கவில்லை. அவன் முழங்கையில் பல் பதிந்தது.

"போச்சா? பட்ட பாடெல்லாம் வீணாப் போச்சா?" என்று சடையன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"வீணாகல. நாம அவசரப்பட்டுட்டோம், அம்புட்டுத்தான்" என்றாள் அங்காயி. காயத்துக்கு மஞ்சள் வைத்துக் கட்டினாள். நாயை ஒரு வார்த்தை திட்டவில்லை, புருஷனையும் திட்டவில்லை. மறுநாள் காலையில் மறுபடியும் பனைமரத்தடிக்கே போய் உட்கார்ந்தாள்.

முதல் அடியிலிருந்து தொடங்கத் துணிகிறவர்கள் எத்தனை பேர், சொல்லுங்கள் பார்ப்போம்? அவள் துணிந்தாள்.

பனையடியிலிருந்து மறுபடியும் வேலியோரம் வந்து சேரவும் பௌர்ணமி வந்தது. விடிந்ததும் குட்டிகளைக் கூடையில் ஏற்றினார்கள். அங்காயி வேலியோரம் பூவாலியோடு நின்றாள். சொன்னபடி ஆண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கம்போடு அவர்கள் முன்னால் போனார்கள். ஒவ்வொரு கம்புக்கும் பூவாலி அங்காயியைப் பார்த்தது. ஒவ்வொரு கம்புக்கும் அவள் ஒரு வாய் கொடுத்தாள். கடைசியாகக் கீதாரி போனார். பூவாலி பாயவில்லை. குரைக்கக்கூட இல்லை.

"அட, நிசமாவே நிக்குதப்பா" என்று மாயழகு திரும்பி ஓடி வந்தான். அவன் பின்னால் எல்லாரும் வந்தார்கள். அதிசயத்தைக் கிட்டப் பார்க்க வேண்டுமே. சுற்றி நெருங்கி நின்றுகொண்டார்கள். திரும்பின பக்கமெல்லாம் கம்பு. பின்னால் வேலி.

பூவாலி மூக்கை நக்கியது. எச்சில் விழுங்கியது. முகத்தைத் திருப்பியது. அங்கேயும் கம்பு. வெள்ளை வால் நுனி வயிற்றுக்குள் மறைந்தது. அடுத்தது என்ன என்று அங்காயிக்குத் தெரியும். பாய்ந்தால் ஆறு.

அவளுக்கும் நாக்கு உலர்ந்தது. அவளும் எச்சில் விழுங்கினாள். ஆனால் முகத்தைத் திருப்பவில்லை.

"பெரிய மாமா, கம்பைக் கீழ வைங்க" என்றாள்.

மருமகள் கீதாரியிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

மாயழகுதான் முதலில் வாய் திறந்தான். "கம்போட நின்னா பாயக் கூடாதுங்கிறதுதான பேச்சு? இப்ப மாத்துனா எப்பிடி மதினி?"

"கம்போட போனீக, பாயல. இப்பச் சுத்தி வளைச்சு நிக்கிறீக. சுத்தி வளைச்சாச் சும்மா நிக்கிறது ஆடு மட்டுந்தான். சேலை கட்டுன ஆடுகூட நிக்காது, கொழுந்தனாரே."

யாரோ பக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள். கீதாரி சிரிக்கவில்லை. நாயைப் பார்த்தார். அதன் கால் நடுங்குவதைப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார். நாயின் கழுத்தில் வைத்த கையை அவள் அப்போதும் எடுக்கவில்லை.

"பெரியப்பா கம்பை வச்சா, கிடை யாருக்குச் சொந்தம்? நாய்க்கா?" என்றான் மாயழகு.

"நாய்க்குத்தான்" என்றார் கீதாரி. "ராத்திரி பூரா நாம தூங்குறோம். அதுதான காக்குது?"

அப்படியே குனிந்து, எண்ணெய் குடித்துக் கறுத்த அந்தக் கம்பை மண்ணில் வைத்தார். அதற்குப் பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். அங்காயி கைகாட்டியபடி, நாயை நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தார். சடையன் கம்பை வைத்தான். இன்னொருவர் வைத்தார். எல்லாருக்கும் கடைசியாக மாயழகும் வைத்தான்.

பூவாலி மெல்ல ஓரடி வைத்தது, நின்றது. பிறகு ஓரடி வைத்தது. கீதாரியின் கம்பை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் மோந்து பார்த்தது. தான் கடித்த கெண்டைக்காலையும் மோந்து பார்த்தது. அப்புறம் பெரிதாக ஒரு மூச்சு விட்டுவிட்டு, அந்தக் கம்பின் மேலேயே தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் தூங்கியும் போனது.

கிடை கிளம்ப வேண்டிய நேரம் தாண்டியது. வெயில் ஏறியது. ஆடுகள் கத்தின. கம்பை உருவினால் நாய் விழித்துவிடும். கீதாரி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"பொழுதாகுதே பெரியப்பா" என்றான் மாயழகு.

"கிடைக்குச் சொந்தக்காரி எந்திரிக்கட்டும், போவோம்" என்றார் கீதாரி.

அதற்குப் பிறகு பூவாலி ஊர் ஊராக அவர்களோடு போனது. புது ஆள் கம்போடு வந்தால் சில நேரம் உறுமும். உறுமினால் அங்காயி அதைத் தள்ளிக் கூட்டிப்போய் உட்காருவாள். வருகிறவரும் கம்பை வரப்பில் வைத்துவிட்டுத்தான் கிடைக்குள் வருவார். அந்தக் கூட்டத்தில் அதுவே வழக்கமாகிப் போனது.

ஆகையால் செல்லங்களே, பயந்த உயிரை அடித்துத் திருத்த முடியாது. நம் கையில் இருக்கிற கம்பைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தால், அது தானாகவே நம் பக்கத்தில் வந்து படுக்கும்.