பஞ்சடைத்த காது

குழந்தைகளே, நான் சொல்லப்போகும் காட்டில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. ஓடைக்கரையில் நின்ற பெரிய மருதமரம்தான் அந்தப் பள்ளி. இப்போது அந்த மரம் இல்லை. அதை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. கதையாவது மிச்சம் இருக்கிறதே, அதைச் சொல்கிறேன்.

சின்னக் குஞ்சுகள் எல்லாம் கீழ்க்கிளையில் படிக்கும். வளர்ந்த பிறகு மேல்கிளைப் பள்ளிக்குப் போக வேண்டுமானால் இசைத் தேர்வில் தேற வேண்டும். தேறிய குஞ்சுகள் விடியற்காலையில் உச்சிக்கிளையில் அமர்ந்து பாடிக் காட்டை எழுப்பும். தேறாத குஞ்சு அடுத்த ஆண்டுத் தேர்வு வரை காத்திருக்க வேண்டும்.

மொட்டு என்ற கரிச்சான் குஞ்சுக்கு உச்சிக்கிளைமேல் அவ்வளவு ஆசை. அவளுடைய அம்மாவுக்கு அதைவிட ஆசை. ஏனென்றால் அம்மா அந்தப் பள்ளியிலேயே படித்தவள்.

"உன் வயசுல நான் தேர்வுக்குப் போனப்ப விடியல் பாட்டு பாடினேன். மரமே அசையாம நின்னு கேட்டுச்சு. உடனே எடுத்துக்கிட்டாங்க" என்பாள் அம்மா.

புழு ஊட்டும்போது சொல்வாள். சிறகு கோதும்போதும் சொல்வாள். சொல்லச் சொல்ல அந்த மரம் இன்னும் கொஞ்சம் அதிக நேரம் அசையாமல் நின்றது.

மொட்டுவும் விடியல் பாட்டைக் கற்றுக்கொண்டாள். அழகாகவே பாடினாள். ஆனால் அம்மாவுக்கு ஒரு கவலை இருந்தது. பள்ளிக்குப் பக்கத்து மரத்தில் இருந்த அவர்கள் பொந்துக்குக் கீழே ஒரு குட்டை. அதில் எந்நேரமும் தவளைகள் கத்தும். பொந்துக்குப் பக்கத்திலேயே மரங்கொத்தி வேலை செய்யும். அந்தப் பொந்தே மரங்கொத்தி கொத்திக் கொடுத்ததுதான்.

"அண்ணே, பொண்ணுக்குத் தேர்வு வருது. நீங்க டொக்கு டொக்குன்னு தட்டினா அவ காது கெட்டுப்போயிடும்" என்றாள் அம்மா.

"என்னம்மா இது, நீ சின்னப் பொண்ணா இருந்தப்ப எங்கப்பா தட்டினாரு. உன் காது கெட்டா போச்சு?" என்று கேட்டது மரங்கொத்தி.

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மரங்கொத்திக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அது மரத்தின் பின்பக்கம் போய் வேலை செய்தது.

தவளைகளை எங்கே அனுப்புவது? அம்மா இலவம் பஞ்சைக் கொண்டுவந்து மொட்டுவின் இரண்டு காதுகளிலும் அடைத்தாள். பாட்டுப் பயிற்சிக்கு மட்டும் பஞ்சை எடுப்பாள். முடிந்ததும் மறுபடி அடைத்துவிடுவாள். ஓடைச் சத்தம், காற்று, பக்கத்துக் குஞ்சுகளின் சண்டை எதுவும் மொட்டுவின் காதில் விழவில்லை.

"பஞ்சை அடைச்சா ஒண்ணுமே கேக்கலைம்மா. பயமா இருக்கு" என்றாள் மொட்டு.

"தேர்வு முடியட்டும் கண்ணு. அப்புறம் எல்லாத்தையும் கேட்டுக்கலாம்" என்றாள் அம்மா.

தேர்வு நாளும் வந்தது. தேர்வு நடத்துவது ஒரு கிழட்டு மைனா. யாருக்காகவும் ஒரு மதிப்பெண்கூடக் கூட்டிப் போடாத மைனா அது. தேர்வு நடக்கும் கிளைக்கு வந்த பிறகுதான் அம்மா மொட்டுவின் காதிலிருந்து பஞ்சை எடுத்தாள். எல்லாச் சத்தமும் ஒரே நேரத்தில் உள்ளே புகுந்தது. மொட்டு மிரண்டுபோனாள்.

மைனா இரண்டு முறை விசிலடித்தது. "இதுல எதுல சுரம் மேல போச்சு, முதலாவதா, ரெண்டாவதா?"

மொட்டுவுக்குத் தெரியவில்லை. தெரிந்ததைச் செய்வோம் என்று விடியல் பாட்டைப் பாட ஆரம்பித்தாள்.

மைனா முழுவதும் கேட்டது. "நல்லாப் பாடினே. ஆனா நான் அதைக் கேக்கலையே" என்றது. பிறகு, "குட்டையில தவளைங்க கத்துது பாரு. எத்தனை?" என்று கேட்டது.

"ஒண்ணு" என்றாள் மொட்டு. அவளுக்கு அது ஒரே இரைச்சலாகத்தான் கேட்டது.

கடைசியாக மைனா அலகால் கிளையில் தட்டியது. கொஞ்சம் பொறுத்து மறுபடி தட்டியது. "ரெண்டும் ஒரே தாளமா?"

"இல்ல. ரெண்டாவதுல ஒரு தட்டு தள்ளி விழுந்துச்சு" என்று மொட்டு பட்டென்று சொன்னாள்.

மைனாவுக்கு ஆச்சரியம். "இது மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"மரங்கொத்தி மாமா தட்டினா எங்க பொந்து அதிரும். காது அடைச்சிருந்தாலும் கால்ல தெரியும்."

ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் போதாது. "இந்தத் தடவை இடம் இல்ல கண்ணு" என்றது மைனா. மொட்டுவின் தலை தொங்கிவிட்டது.

அம்மாவுக்கு ஆத்திரம் வந்தது. "இவ்வளவு நல்லாப் பாடுறாளே. என்னைப் பாட்டுக்காகத்தானே எடுத்தீங்க?"

"இல்லம்மா. உனக்கு மறந்துபோச்சு" என்றது மைனா. "நீ தேறிட்டதா நான் சொன்ன பிறகு சந்தோஷத்துல பாடின பாட்டு அது. மரம் அசையாம நின்னது நிஜம்தான். அன்னைக்குக் காத்து இல்ல. அதுக்கு முன்னாடி உன்கிட்டயும் நான் இதே தவளைக் கேள்விதான் கேட்டேன். நீ டக்குன்னு சொன்னே. எப்படின்னு கேட்டதுக்கு, 'அதுங்க எல்லாத்துக்கும் நான் பேர் வெச்சிருக்கேன்'னு சொன்னே."

அம்மாவுக்கு அந்தத் தவளைகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. அடித்தொண்டையில் கத்தும் குண்டன். நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கும் சோம்பேறி. எல்லாரும் முடித்த பிறகு இழுத்து இழுத்துக் கத்தும் அழுமூஞ்சி. மழை ராத்திரிகளில் அவற்றைக் கேட்டுக்கொண்டேதான் அவள் தூங்கியிருக்கிறாள். பாட்டை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, பாட்டு எங்கிருந்து வந்தது என்பதை மறந்துவிட்டாளே. அவளுக்கு அழுகை வந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பஞ்சை ஓடையில் போட்டாள். மரத்தின் பின்பக்கம் போய், "அண்ணே, பழைய இடத்துக்கே வந்துடுங்க. நான் பேசினது தப்பு" என்றாள்.

"அதுக்கென்னம்மா" என்று மரங்கொத்தி அன்றைக்கே வந்துவிட்டது.

சில நாளில் முதல் மழை பெய்தது. குட்டை நிறைந்தது. பொந்தின் வாசலில் அம்மாவும் மகளும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஈரக் காற்று வந்ததும் அம்மாவுக்குப் பழைய நினைப்பு வந்துவிட்டது.

"உன் வயசுல நான்..." என்று ஆரம்பித்தாள்.

"கொஞ்சம் பேசாம இரும்மா. அங்க மூணாவதா ஒண்ணு கத்துது" என்றாள் மொட்டு.

அம்மா பேச்சை நிறுத்திக் காது கொடுத்தாள். மற்ற இரண்டும் ஓய்ந்த பிறகும் ஒன்று மட்டும் இழுத்து இழுத்துக் கத்திக்கொண்டிருந்தது. அது அழுமூஞ்சியின் பேரனாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

நீதி: பிள்ளையைத் தேர்வுக்குத் தயார் செய்வதாக நினைத்து, அது கற்றுக்கொள்ளும் வழியையே அடைத்துவிடக் கூடாது.